அண்டம் உயிருக்கென்றே அளந்து வைத்ததா?

வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கம் உலவும் இடத்தைச் சுற்றி அகழி இருக்கிறது. உள்ளே நிழலுக்கு மரம், குடிக்கத் தண்ணீர். இது தானாக அமைந்தது என்று எவரும் சொல்லார். சிங்கத்துக்கென்றே திட்டமிட்டுச் செய்தது. வெளியே மரத்தில் அணில் ஓடுகிறது. அதற்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை. ஏற்ற இடம் என்பதால் வந்து தங்கிக்கொண்டது.

நாம் வாழும் உலகம் சிங்கத்தின் இடம் போன்றதா, அணிலின் மரம் போன்றதா?

பூமியை மட்டும் பார்த்தால் அணில் கதையே பொருந்தும். வானத்தில் கணக்கற்ற கோள்கள். தண்ணீரும் மிதமான சூடும் உள்ள இடத்தில் உயிர் பிடித்தது. மற்ற இடங்களில் ‘ஏன்’ என்று கேட்க ஆளில்லை. இதற்குத் தனி விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் நம் உடம்புக்கு ஆதாரமான கார்பனை எடுத்துக்கொள்வோம். விண்மீன்களுக்குள் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து அது உண்டாகிறது. போதிய அளவு உண்டாக வேண்டுமானால், கார்பன் அணுக்கருவுக்குக் குறிப்பிட்ட ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்று 1953-ல் பிரெட் ஹாயில் என்ற ஆங்கிலேய அறிஞர் சொன்னார். அமெரிக்காவில் வில்லியம் ஃபவுலரின் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். அவர் சொன்னபடியே இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரோடு 1983-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இந்த ஃபவுலர்தான்.

இந்த அளவு கோளுக்குக் கோள் மாறுவதல்ல. அண்டம் முழுவதும் ஒன்றே. ஆகவே, ‘மாறியிருந்தால் கேட்க நாமே இருக்க மாட்டோம்’ என்ற பதில் இங்கே போதாது. கவிழ்ந்த பேருந்திலிருந்து காயமின்றி வந்தவன், ‘பிழைத்ததால்தான் பேசுகிறேன்’ என்றால் அது உண்மைதான். எப்படிப் பிழைத்தான் என்பதற்கு அது பதிலாகாது.

வேறு வேறு அளவுகளோடு பல அண்டங்கள் இருக்கலாம், அவற்றில் பொருந்திய ஒன்றில் நாம் பிறந்தோம் என்பார் சிலர். இன்னும் ஆழமான இயற்கை விதி காரணமாகலாம் என்பார் சிலர். அளந்து வைத்தவன் உண்டு என்பார் சிலர். எந்தக் கருவியும் இதை இன்னும் தீர்த்து வைக்கவில்லை.

அன்புக்கொடி மக்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘விஞ்ஞானத்தால் விளக்க முடியவில்லை, ஆகவே இறைவன் உண்டு’ என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால், நாளை அவன் விளக்கத்தோடு வீட்டுக்கு வரும்போது என்ன சொல்வது? அறியாமையின் மேல் கட்டிய பக்தி, அறிவு வந்ததும் ஆடிப்போகும். அய்யாவை அந்த இடைவெளியில் நிறுத்தக் கூடாது. பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்பவர் காண்பது தம் உருவத்தையே. உள்ளே உறையும் இறைவன் எந்த விளக்கத்தாலும் குறைவதில்லை.

விண்மீனில் விளைந்த அதே கார்பன்தான் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று உலகம் பிரித்த எல்லார் உடம்பிலும் இருக்கிறது; அணிலின் உடம்பிலும் இருக்கிறது. முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீராட வைத்தவர் அய்யா. அண்டம் ஏன் இப்படி அமைந்தது என்ற கேள்வி திறந்தே இருக்கட்டும். பக்கத்தில் நிற்கும் உயிரிடம் அன்பாய் நடக்க, அதன் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அய்யா உண்டு.