பிள்ளையோடு விளையாட நேரமில்லையா?



"யாருக்காக இப்படி மாடாய் உழைக்கிறேன்? எல்லாம் இந்தப் பிள்ளைக்காகத்தானே!" என்று சொல்லாத தகப்பன் நம் கோயமுத்தூர்ச் சீமையில் உண்டா? அவர் சொல்வது மெய்தான். ஆனால் அந்தப் பிள்ளையே ஒரு பந்தை எடுத்துக்கொண்டு அருகில் வந்தால், "போ கண்ணு, அப்பனுக்கு வேலை கிடக்குது" என்கிறோம். யாருக்காக உழைக்கிறோமோ, அந்த உழைப்பைக் காட்டியே அதை விலக்கிவிடுவது நியாயமாகுமா? சற்றே யோசிப்போம்.

நம்முடையது உழைப்பாளிகளின் பூமி. 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகி, ஆலைச் சங்கு கேட்டே ஊர் எழுந்ததும் உறங்கியதும் உண்டு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி நின்றால் கூலியும் நின்றுபோகும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்டு என்றால் பன்னிரண்டு மணி நேரம். பிள்ளை விழிக்குமுன் புறப்பட்டு, அது உறங்கியபின் வீடு திரும்பும் தகப்பன்மார் எத்தனை பேர்! அவர்களைக் குறை சொல்ல நமக்கு நா எழாது. அரிசி பருப்புக்காகச் சிந்தும் வியர்வையும் அன்புதான்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அறுந்த நூலை முடிந்து தறியை மறுபடி ஓட்டலாம். இன்று விட்ட கூலியை நாளை ஓவர்டைம் பார்த்து ஈட்டலாம். பிள்ளையின் வயதை அப்படி ஈடுகட்ட முடியுமா? இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்கள். ஐந்தாம் மாதம் தலையசைத்தாடும் செங்கீரை; ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி; பின்னர் நிலாவையே விளையாட அழைக்கும் அம்புலி. ஒவ்வொன்றுக்கும் அதனதன் காலம் உண்டு. இவற்றில் எதையும் குழந்தை தனியே ஆடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஆடு என்று கொஞ்சவும், கொட்டு என்று கேட்கவும் எதிரில் ஒருவர் இருக்கவேண்டும். கடன் தீரட்டும், வீடு கட்டி முடியட்டும், பிறகு கொஞ்சிக்கொள்ளலாம் என்றிருந்தால், நாம் திரும்பிப் பார்க்கையில் சப்பாணி கொட்டிய பிள்ளை சைக்கிள் ஏறித் தெருமுனை தாண்டியிருக்கும்.

"விளையாட்டு வீண்பொழுதல்லவா?" என்பார் சிலர். பிள்ளை நாள் முழுவதும் நம் சொற்படி நடக்கிறது. உண் என்றால் உண்ணவேண்டும், உறங்கு என்றால் உறங்கவேண்டும். விளையாட்டில் மட்டுமே அது சொல்ல, நாம் கேட்கிறோம். அது யானையாகச் சொன்னால் அப்பன் யானையாகவேண்டும். தான் வாங்கும் மார்க்குக்காகவோ செய்யும் வேலைக்காகவோ அல்ல, தன்னைத் தனக்காகவே வீட்டார் விரும்புகிறார்கள் என்பதை ஆணாயினும் பெண்ணாயினும் அது அங்கேதான் கற்கிறது. ஆகையால் பாடம் சொல்லிக்கொடுப்பது இதற்கு ஈடாகாது. கையில் செல்போனைத் திணித்து உட்காரவைப்பதும் ஈடாகாது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, விளையாட்டைக் குழந்தையின் உரிமையென்றே சொல்கிறது. 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. உரிமை என்றால், அதைக் கொடுக்கவேண்டிய கடமை ஒருவருக்கு இருக்கத்தானே வேண்டும்?

"அவள் இருக்கிறாளே, அப்பத்தா அம்மிச்சி இருக்கிறார்களே" என்று தகப்பன் நழுவவேண்டாம். அவளும் வேலைக்குப் போய் வந்து அடுப்படியில் நிற்கிறவள். பாத்திரம் தேய்ப்பதில் நீங்களும் ஒரு கை கொடுத்தால், அவளுக்கும் பிள்ளையோடு சிரிக்கப் பொழுது கிடைக்கும்.

நமதாண்டவரிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்தபோது, அவருக்கு இதற்கெல்லாம் நேரமில்லையென்று எண்ணினாற்போலச் சீடர்கள் அதட்டினார்கள். அவரோ சீடர்கள்மேல் கோபங்கொண்டு, பிள்ளைகளை அணைத்துக்கொண்டார். அவருடைய வேலையைவிட நம் வேலை பெரிதோ?

நாளுக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் அது முழுமையாக இருக்கட்டும். கணக்கு நோட்டும் செல்போனும் அப்பால் இருக்கட்டும். உப்பு மூட்டை தூக்கக் காசு வேண்டாம். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து முழங்கைவரை நண்டு ஊரவிட எந்தக் கடையிலும் பொம்மை வாங்கவேண்டாம். பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டிக் கட்டினால் பந்து தயார். இரவு ஷிப்டுக்காரர் பகலில் எழுந்தபின் விளையாடலாம். ஒன்றரை ஷிப்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு சேர்ந்ததும், பிள்ளையை அழைத்து, "என்ன விளையாடலாம், நீ சொல்லு சாமி" என்று கேளுங்கள். அது சொல்லுகிறபடியே செய்யுங்கள்.