காக்கைக்கு வைத்த சோறு

அப்பா இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. படையலன்று கூடத்தில் மாட்டுவதற்காக, அவர் பறவைகளுக்குச் சோறு வைக்கும் காட்சியைத் துணியில் கையாலேயே தைக்கத் தொடங்கினேன். புகைப்படங்களில் அவர் விறைப்பாகத்தான் நிற்பார். சோற்றுக் கிண்ணத்தோடு குனியும்போது மட்டுமே அந்த உடம்பு இளகும்.

கிள்ளானில் எங்களுடையது தாமான் வீடு. பின்வாசலில் ஒரு சிமெண்டுத் திட்டு. தினமும் காலையில், தான் பசியாறுவதற்கு முன், முதல்நாள் சோற்றை அதில் வைப்பார். காகம், மைனா, புறா எல்லாம் வரும். வைத்ததும் உள்ளே வந்துவிடுவார். "நாம நின்னா அதுங்களுக்குக் கூச்சமா இருக்கும்" என்பார். கொடுத்ததை நின்று பார்க்காத அந்தப் பண்பை நான் பெரிதாக மதித்தேன். இன்றும் மதிக்கிறேன்.

முதலில் ஒரு மீன்கொத்தியைத் தைத்தேன். நீல நூல் துணியில் எடுப்பாக இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இது யாரு? நம்ம வீட்டுக்கு வந்ததே இல்லையே" என்றார். பிரித்துவிட்டேன். கறுப்பு நூலில் காகத்தைத் தைத்து, கழுத்துக்கு மட்டும் சாம்பல் நூல் கொடுத்தேன். சோற்றுப் பருக்கைகளுக்கு முடிச்சுத் தையல். இந்த முறை அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரிதான். தொடப்பம் எங்க?"

அப்பா சோறு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். எச்சத்தைக் கழுவியது அம்மா. மிஞ்சிய சோற்றுக்கு எலி வந்தபோது பொறி வைத்ததும் அம்மாதான். காயப்போட்ட துணியெல்லாம் அழுக்காகிறது என்று பக்கத்து வீட்டார் சத்தம் போட்டபோது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டதும் அவரே.

கிள்ளான் காகங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1890களில், காப்பித் தோட்டங்களின் புழுக்களைத் தின்பதற்காக அவற்றை இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காகங்கள் பெருகிவிட்டன. பின்னாளில் அவற்றைச் சுட்டுக் குறைக்கவும் ஆட்கள் வந்தார்கள். "அதுங்களும் தோட்ட வேலைக்கு வந்ததுங்கதான்" என்று அப்பா சொல்வார். அதற்கு மேல் அவரிடம் வாதாட முடியாது.

சிங்கப்பூரில் 2020 ஜூன் முதல் காட்டுயிர்களுக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். முன்பு இதைக் கேட்டபோது ஈரமில்லாத சட்டம் என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சட்டம் கேட்பதும் அம்மா கேட்பதும் ஒன்றுதானோ என்று தோன்றுகிறது: உன் இரக்கத்தின் செலவை யார் கட்டுகிறார்கள்?

புறாவைக் காப்பாற்ற சிபி தன் தொடையைத்தான் அறுத்தான். அடுத்தவர் தொடையை அறுத்து வைத்திருந்தால் அந்தக் கதையை நாம் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம். அப்பா கொடுத்தது பழைய சோறு. அம்மா கொடுத்தது முப்பது வருடக் காலைப்பொழுதுகள். அதற்காக அப்பாவின் அன்பு பொய்யாகிவிடாது. பசியோடு வந்த உயிருக்குச் சோறு கிடைத்தது என்பது உண்மை. ஆனால் புகழ் ஒருவருக்கும் வேலை இன்னொருவருக்குமாகப் பிரிந்ததை நான் பார்க்கவேயில்லை. பார்க்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

"ஏம்மா, நீங்க ஒருநாளும் சொல்லலியே?"

"சொன்னேனே. அவரு சிரிச்சாரு. நீயுந்தான் சிரிச்ச."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இத்தனைக்கும், இந்த ஓராண்டாகச் சோறு வைப்பது அம்மாதான். ஒரு கைப்பிடிக்கு மேல் வைப்பதில்லை. "கத்துதுங்க, என்ன பண்றது" என்கிறார். பக்கத்து வீட்டாருக்கு என்ன சொல்வதென்பது இன்னும் தீரவில்லை. போன வாரம் முதல் தொடப்பத்தை நான் வாங்கிக்கொண்டேன். துணியில் திட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. பழுப்பு நூல் வாங்க வேண்டும்.