கடாரத்தில் சோழன் தங்கியிருந்தால்

1025-ஆம் ஆண்டில் கப்பல்களை அனுப்பிக் கடாரத்தை வென்ற ராஜேந்திர சோழன், படையைத் திருப்பி அழைக்காமல் இங்கேயே ஓர் அரசை நிறுவியிருந்தால்? பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு, சுங்காய்ப் பக்கம் நாலு பையன்கள் தே தாரிக் குடிக்கும் இடத்திலெல்லாம் இந்தப் பேச்சு வருகிறது. "இருந்திருந்தா நம்ம தாத்தா எதுக்குடா பால்வாளி தூக்கணும்? வெள்ளைக்காரன்ல நம்மகிட்ட வேலை கேட்டு வந்திருப்பான்!"

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தக் கற்பனையில் நாம் எதற்கு ஆசைப்படுகிறோம் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

நடந்தது என்ன? ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம், கடாரம் என்று வென்ற இடங்களைத் தஞ்சைக் கல்வெட்டு அடுக்குகிறது. மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். செல்வம் கப்பலேறியது. அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்புதான் அதே அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் புத்த விகாரை கட்டியது. ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் ஆனைமங்கலத்தின் வருவாயை அதற்கு எழுதிக் கொடுத்தார். அப்பாவின் நண்பர் வீட்டில் மகன் கை வைத்த கதை இது. பிறகு சோழப் படை போய்விட்டது.

போகாமல் தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதே நூற்றாண்டில் ஓர் உதாரணம் உண்டு. 1066-இல் நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்த வில்லியம் இங்கிலாந்தை வென்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வடக்கே கலகம் எழுந்தபோது, 1069-70 குளிர்காலத்தில் நார்மன்கள் ஊர்களையும் தானியத்தையும் எரித்தார்கள்; மக்கள் பட்டினியில் செத்தார்கள். 1086-இல் யாருக்கு எவ்வளவு நிலம் என்று கணக்கெடுத்து டூம்ஸ்டே ஏட்டை எழுதினார்கள். அதில் அரசனிடம் நேரடியாக நிலம் பெற்ற பெரிய பிரபுக்களில் ஆங்கிலேயர் விரல்விட்டு எண்ணும் அளவே.

அது வெள்ளைக்காரன் புத்தி, சோழன் அப்படிச் செய்திருக்க மாட்டான் என்பீர்கள். சோழர் தங்கிய இடமும் இருக்கிறதே. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கைக்குப் போனவர்கள் பொலன்னறுவையைத் தலைநகராக்கி, ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்து, 1070-இல் முதலாம் விஜயபாகு விரட்டும்வரை ஆண்டார்கள். விகாரைகள் சூறையாடப்பட்டதைச் சூளவம்சம் எழுதி வைத்திருக்கிறது. தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்து அந்த நினைவை அரசியல்வாதிகள் கிளறியபோது, அதற்கு விலை கொடுத்தது ராஜேந்திரனா? சாதாரணத் தமிழர்கள்தான்.

இன்னொன்று. ‘நாம்’ ஆண்டிருப்போம் என்கிறோமே, யார் அந்த நாம்? ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. அப்படிப்பட்ட சேரிகளிலிருந்து இந்த நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் கணிசமானோர். சோழன் இங்கே தங்கியிருந்தால் சேரியும் கூடவே கப்பலேறியிருக்கும். தாத்தா அப்போதும் வாளிதான் தூக்கியிருப்பார். துரையின் பெயர் மட்டும் தமிழில் இருந்திருக்கும்.

பையன்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்பது புரியாமலில்லை. நாலு தலைமுறை இங்கே பிறந்த பிறகும் ‘வந்தேறி’ என்ற சொல் காதில் விழுகிறது. உடனே, "ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே நாங்க இங்க ஜெயிச்சோம்" என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பதில், ஜெயித்தவனுக்கே நிலம் சொந்தம் என்ற விதியை ஒத்துக்கொள்கிறது. அந்த விதி சரி என்றால் பேராக்கைப் பிடித்த ஆங்கிலேயன் மீதும் நமக்குப் புகார் இருக்க முடியாது. எல்லாருக்கும் முன்னால் இந்தக் காட்டில் வாழ்ந்த செமாய் மக்களுக்கோ அந்த விதியில் இடமே இல்லை. அவர்கள் யாரையும் ஜெயிக்கவில்லை.

நம்மிடம் இதைவிட நல்ல பதில் இருக்கிறது. மலாயா சுதந்திரமடைந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். தொழிலாளிக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்ந்தார்கள். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் புக்கிட் சீடிம். அது இருப்பது கெடாவில், அதாவது பழைய கடாரத்தில்!

யாரையும் விரட்டாமல், கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய நிலம் அது. கடாரம் கொண்டவர்கள் என்று யாரையாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், நான் இவர்களைச் சொல்வேன்.

‘அப்படி நடந்திருந்தால்’ என்று கேட்பது தப்பில்லை. கேள்வியைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவரலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுமனை எழுதிக் கொடுத்திருந்தால்? பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதாவது கொடுத்திருந்தால்? சோழன் எடுத்த முடிவை நாம் மாற்ற முடியாது. வீட்டுமனைக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த தே தாரிக்குக்கு இதைப் பேசலாம்.