பணம் வந்த வழி

எந்த நிபந்தனையும் விதிக்காமல் ஏழைக் குடும்பங்களின் கையில் நேரடியாகப் பணம் கொடுக்கும் திட்டங்கள் இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கின்றன. தன் வீட்டுக்கு எது தேவை என்பது கொடுக்கிறவரைவிட வாங்குகிறவருக்கே நன்றாகத் தெரியும் என்பது ஒன்று. பணத்துக்குப் பூர்வீகம் கிடையாது, யார் கொடுத்தாலும் எப்படி வந்தாலும் அதன் மதிப்பு ஒன்றுதான் என்பது மற்றொன்று. முதல் நம்பிக்கையை அனுபவம் பெரும்பாலும் மெய்ப்பித்திருக்கிறது. இரண்டாவது பொருளாதாரக் கூற்றுபோலத் தோன்றினாலும் உண்மையில் அறம் சார்ந்த கேள்வி. கொடுப்பவர் எதையும் எதிர்பார்க்காத கொடை என்று ஒன்று இருக்க முடியுமா என்பதே அது.

மேற்குக் கென்யாவில் விக்டோரியா ஏரிக்கு அருகில் உள்ள சியாயா மாவட்டம் இத்தகைய திட்டங்களின் சோதனைக்களமாக இருந்துவந்திருக்கிறது. கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு அங்கே கூரை வீட்டுக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, எம்-பெசா என்னும் கைபேசிப் பணச் சேவை வழியாகப் பணம் அனுப்பியது. வந்த பணத்தில் மக்கள் கூரைப் புல்லை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள், ஆடுமாடு வாங்கினார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். குடிக்கும் புகையிலைக்கும் ஆன செலவு கூடவில்லை. பின்னர் 653 ஊர்களில் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஏறக்குறைய 1,000 டாலர் வீதம் கொடுத்து ஆராய்ந்தபோது, பணம் வாங்காத அண்டை வீட்டாரின் செலவுத்திறனும் உயர்ந்திருந்தது. விலைவாசி ஏறியது மிகச் சொற்பம். பொருளாதார அளவில் வழக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் 2015-ல் அதே அமைப்பு, விக்டோரியா ஏரியின் வளைகுடா ஒன்றுக்கு மறுகரையில் உள்ள ஹோமா பே மாவட்டத்துக்குப் போனபோது, தேர்வான குடும்பங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் பணமே வேண்டாம் என்றன. சாத்தானை வழிபடும் கூட்டத்தின் பணம் என்று பேச்சு பரவியிருந்தது. இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது, ஆனால் சரியல்ல. கென்யாவில் சாத்தான் வழிபாடு பற்றி விசாரிக்க 1994-ல் குடியரசுத் தலைவரே ஓர் ஆணையம் அமைத்தார். அதற்குத் தலைமை வகித்தவர் ஒரு பேராயர். அரசே விசாரிக்கத்தக்கது என்று எண்ணிய ஒன்றைக் கண்டு குடியானவர் அஞ்சியதில் வியப்பில்லை.

அச்சத்துக்கு இன்னும் ஆழமான வேரும் உண்டு. இரு மாவட்டங்களிலும் பெரும்பான்மையினர் லுவோ மக்கள். இவர்களிடையே கள ஆய்வு செய்த மானுடவியலாளர் பார்க்கர் ஷிப்டன், ‘கசப்புப் பணம்’ என்னும் கருத்தை 1989-ல் வெளியான தம் நூலில் விளக்கினார். முன்னோரைப் புதைத்த நிலத்தை விற்று வந்த பணமும் புகையிலை, தங்கம் போன்றவற்றால் வந்த பணமும் கசப்பானவை. அந்தப் பணத்தில் மாடு வாங்கிப் பெண்ணுக்குப் பரிசமாகக் கொடுத்தால் மாடும் மாளும், குடும்பமும் அழியும். சடங்கு செய்து தூய்மையாக்கினாலொழிய அது வீட்டுக்கு ஆகாது. உழைப்போ உறவோ இன்றி ஈட்டியதால், அல்லது உறவை விற்று ஈட்டியதால் விளையும் கசப்பு இது. இந்த அறநெறியில் பணத்துக்கு நினைவு உண்டு. யாரென்றே தெரியாத ஒருவர், எதையும் கேட்காமல், கைபேசிக்கு அனுப்பும் தொகை எந்த வகையில் சேரும் என்ற ஐயம் இதற்குள் முற்றிலும் நியாயமானது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மாஸ் 1925-ல் எழுதிய கட்டுரையும் இதே முடிவுக்கே வந்தது. கொடை வாங்கியவரைக் கட்டுகிறது. திருப்பித் தர வழியில்லாதவரைத் தாழ்த்துகிறது. மொய் நோட்டு எழுதும் ஊர்களில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. நிபந்தனை இல்லை என்று சொல்லிவிடுவதால் கடன் தீர்ந்துவிடாது. எப்போது, யாருக்கு, எதைத் திருப்பித் தரவேண்டியிருக்கும் என்பது தெரியாமல் போவதால் அது மேலும் கனக்கும்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு மத விளக்கமும் முயன்றிருக்கிறது. நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில், பெரும் பண்ணைகளுக்கு நடுவே, ஒட்ஜிவேரோ என்ற வறிய குடியிருப்பு இருக்கிறது. லூத்தரன் திருச்சபைப் பேராயர் செஃபானியா கமீட்டாவை முன்னணியில் கொண்ட கூட்டமைப்பு 2008 ஜனவரி முதல் 2009 டிசம்பர் வரை அங்கே 60 வயதுக்குக் குறைந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 100 நமீபிய டாலர் கொடுத்தது. 60-க்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஓய்வூதியம் ஏற்கெனவே இருந்தது. ஊரார் தாங்களே குழு அமைத்து, பணம் வரும் நாளில் சாராயக் கடைகளைத் திறக்க வேண்டாம் என்று கடைக்காரர்களோடு பேசி முடித்தார்கள். குழந்தைகளின் எடைக்குறைவு வெகுவாகக் குறைந்தது, பள்ளிக் கட்டணம் செலுத்தியோர் பெருகினர் என்று கூட்டமைப்பு அறிவித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு ஊர் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பது விமர்சகர்கள் சொன்ன குறை. அது நியாயமான குறையே.

சும்மா கிடைக்கும் பணம் சோம்பேறியாக்கும் என்றவர்களுக்குக் கமீட்டா விவிலியத்தின் மன்னாவைக் காட்டி விடை சொன்னார். பாலைவனத்தில் வானிலிருந்து இறங்கிய அந்த உணவு இஸ்ரவேலரை உட்கார வைக்கவில்லை, மேலே நடக்கவே வைத்தது என்பது அவர் வாதம். அவர் அழுத்திச் சொல்லாத வேறொரு வலிமையும் அந்தக் கதையில் உண்டு. மன்னா எல்லாருக்கும் இறங்கியது. எனவே ‘எனக்கு மட்டும் ஏன்’ என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. கொடுத்தவர் மனிதர் அல்லர் என்பதால் அண்டை வீட்டாருக்குக் கடன்படவும் வேண்டியதில்லை. கூரை வீட்டுக்குக் கொடுத்துப் பக்கத்துத் தகர வீட்டைத் தாண்டிச் செல்லும் திட்டத்தில் இந்த இரண்டும் இல்லை. கென்யாவில் 2016-ல் தொடங்கிய 12 ஆண்டுத் திட்டம் ஓர் ஊரின் பெரியவர்கள் அனைவருக்கும் பணம் தருவதை இந்தப் பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். பிழையாய்ப் போவது பெரும்பாலும் பணம் அல்ல, பொறுக்கியெடுக்கும் முறை.

மன்னா வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. ஒட்ஜிவேரோவுக்கு வந்த பணம் வானிலிருந்து வரவில்லை, நன்கொடையாக வந்தது. மானுடவியலாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன் 2015-ல் வெளியான நூலில், இத்தகைய தொகையைக் கொடை என்றோ கூலி என்றோ பார்க்காமல் நாட்டுச் செல்வத்தில் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு என்று பார்க்கலாம் என்கிறார். பங்குக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை, பங்கு வாங்கியவர் யாருக்கும் தாழ்ந்தவரும் இல்லை. கசப்புக்கு இதுவே பொருத்தமான மாற்று. ஆனால் பங்கைத் தர வேண்டியது அரசு. வெளியாரின் கருணையால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. நமீபியாவில் 2002-லேயே அரசு அமைத்த வரிக் குழு எல்லாருக்குமான அடிப்படை வருமானத்தைப் பரிந்துரைத்திருந்தது. அரசு அதை ஏற்கவில்லை. 2015-ல் கமீட்டா வறுமை ஒழிப்பு அமைச்சரானார். மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது உணவு வங்கித் திட்டம்; ஏழைகளின் கைக்குப் போனது உணவுப் பொருள்.