பல் என்னும் சான்று

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாளில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று பற்களைப் பற்றியது. முன்பற்கள் கூர்மையாய் இருப்பது கடிப்பதற்கு. கடைவாய்ப் பற்கள் அகன்றிருப்பது அரைப்பதற்கு. இப்பொருத்தம் தற்செயலாய் வாய்த்திருக்கலாகாதா என்ற ஐயத்தை அரிஸ்டாட்டில் தம் 'இயற்பியல்' நூலில் தாமே எழுப்பி, எம்பெதோக்ளிசின் கருத்தை மறுத்து, பெரும்பாலும் தவறாது நிகழ்வது தற்செயலாகாது, இயற்கைக்கு நோக்கம் உண்டு என்று முடித்தார். அவ்வாதத்தையே கடவுளுக்குச் சான்றாக்கி, மறைக்கல்வி வகுப்பில் குழந்தைகளை வாய் திறக்கச் சொல்லி, பல்லாண்டுகள் நான் போதித்து வந்தேன்.

எங்கள் பங்கைச் சேர்ந்த பல் மருத்துவ மாணவி ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "ஃபாதர், பல்லே இல்லாத திமிங்கலத்துக்கு எனாமல் மரபணு எதற்கு?"

விடை தேடிப் படிக்கலானேன். எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கையில் அழிந்துவிடுவதால், இழந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. அதன் புரதங்களுக்குரிய மரபணுக்களும் பாலில் உள்ள கேசீன் புரதத்தின் மரபணுக்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று கவசாகி, வைஸ் என்னும் அறிஞர்கள் 2003இல் காட்டினர். 'பால்பல்' என்ற நம் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருக்குமென்று யார் கண்டார்!

வியப்பு அத்துடன் நிற்கவில்லை. வட அமெரிக்க ஆறுகளில் வாழும் கார் என்னும் மீனின் செதில்களை மினுமினுப்பான பூச்சு ஒன்று போர்த்தியுள்ளது. அம்மீனின் தோலில் எனாமல் மரபணுக்கள் செயற்படுவதை 2015இல் ஆய்வாளர்கள் கண்டனர். 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட சாரோலெப்பிஸ் என்னும் மீனின் புதைபடிவத்தில் செதில்மேல் எனாமல் உண்டு, பல்லில் இல்லை. எனவே எனாமல் முதலில் தோலுக்குக் கவசமாயிருந்து, பின்னரே வாய்க்குள் வந்தது என்பது அவர்கள் முடிவு. அன்று அந்நீர்நிலையில் நின்று 'இது எதற்கு?' என்று அரிஸ்டாட்டில் கேட்டிருந்தால், 'தோலுக்கு' என்பதன்றி வேறு விடை கிடைத்திராது.

சீப்புப் போன்ற தகடுகளால் நீரை வடித்து உண்ணும் திமிங்கலங்களிலும், நம் காடுகளின் அழுங்கிலும், எனாமெலின் என்னும் மரபணு சிதைந்து கிடப்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. பறவைகளிலும் இத்தகைய சிதைவுகள் உள்ளன. பல்லை நம்பி வாழும் உயிரில் இம்மரபணு கெட்டால் எனாமல் கெடும், உயிர் நலியும். ஆகவே பழுது பரவாது. பல் வேண்டாத வழிமரபிலோ பழுது களையப்படாமலே தங்கிவிடுகிறது.

எம்பெதோக்ளிஸ் முழுமையாக வென்றுவிட்டார் என்று நான் எண்ணவில்லை. இத்தனை கோடி ஆண்டுகள் ஒரு மரபணு காக்கப்பட்டது வெறும் தற்செயலன்று. ஆனால் ஓர் உறுப்பின் இன்றைய பயனைக் கண்டு, அது தொடக்கத்திலேயே அதற்கென எழுதப்பட்டது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நான் சொல்லிவந்தது அதைத்தான். சிதைந்த மரபணுவைக் காட்டிக் கடவுள் இல்லை என்போரும் அதே அவசரத்தைத்தான் காட்டுகின்றனர்.

நம்பிக்கை வளரத்தானே சொன்னேன் என்று என்னைத் தேற்றிக்கொள்ள முயன்றேன். தேறவில்லை. விசுவாச உண்மைகளுக்கு வலுவற்ற காரணங்களைக் காட்டினால் நம்பாதோர் நகைக்க இடமாகும் என்று எச்சரித்தவர் புனித தோமா அக்குவினாசே. அப்பகுதியையும் அதே குருமடத்தில்தான் படித்தேன்; தேர்வில் எழுதியும் இருக்கிறேன்.

அம்மாணவியிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அத்தகைய திமிங்கலக் குட்டிக்குக் கருவில் பல்மொட்டுகள் அரும்பி, பிறக்குமுன்பே கரைந்துவிடுகின்றன என்று சொல்லி, அவள் ஒரு படம் தந்தாள். மறைக்கல்வி வகுப்பில் குழந்தைகள் இப்போதும் வாயைத் திறக்கிறார்கள். நான் அந்தப் படத்தையும் காட்டுகிறேன்.