விருப்பமும் தகுதியும்: ஹூனான் தொலைக்காட்சியை முன்வைத்து ஒரு விசாரம்

மக்கள் விரும்புவது எதுவோ அதுவே அவர்களுக்கு உகந்தது எனக் கொள்ளலாமா? ஒழுக்கவியலில் இது பழைய வினா. தமது இலட்சிய அரசிலிருந்து கவிஞரை விலக்க எண்ணிய பிளேட்டோ இதற்கு ஒரு விடை தந்தார். இன்பங்களுக்கிடையே உயர்வு தாழ்வு உண்டென வாதித்த ஜோன் ஸ்ரூவர்ட் மில் வேறொரு விடை தந்தார். சீன மாகாணமொன்றின் தொலைக்காட்சி நிலையத்தில் இவ்வழக்கு நடைமுறையிலேயே நிகழ்ந்தமை நோக்கற்பாலது.

மா ஓ சேதுங் பிறந்த ஹூனான் மாகாணத்தின் தலைநகர் சாங்ஷா. செல்வத்தில் ஷங்ஹாயுடனோ அதிகாரத்தில் பீஜிங்குடனோ ஒப்பிடத்தக்க நகரன்று. இங்குள்ள நிலையம் 1997இல் செய்மதி வழியே நாடு முழுவதற்கும் ஒளிபரப்பத் தொடங்கியது. செய்தியிலும் அரச வைபவங்களிலும் மத்திய தொலைக்காட்சியை வெல்ல முடியாதென அதன் நிருவாகிகள் உணர்ந்தனர் போலும். மகிழ்ச்சியையே தமது சரக்காக்கினர். அவ்வாண்டு தொடங்கிய ‘மகிழ்ச்சி முகாம்’ 2021 வரை நீடித்தது.

ஆயினும் நிலையத்தின் பெயரை உலகறியச் செய்தது 2004இல் தொடங்கிய ‘சுப்பர் பெண் குரல்’ என்னும் பாட்டுப் போட்டியே. தயிர்ப்பானம் விற்கும் நிறுவனமொன்று அனுசரணை வழங்கியது. பார்வையாளர் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி மூலம் வாக்களித்தனர். 2005 இறுதிச் சுற்றில் சிச்சுவான் மாகாண இசை மாணவி லீ யூச்சுன் 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் முதலிடம் பெற்றார்.

இதனை மக்களாட்சியின் ஒத்திகை எனச் சிலர் புகழ்ந்தனர். அது மிகையே. வாக்குக்குக் கட்டணம் உண்டு. ஒருவரே பல வாக்குகளை அளிக்கலாம். பணமுள்ளவனின் விருப்பம் பலமடங்காக எண்ணப்படும் இடத்தில் சமத்துவம் ஏது? மறுபுறத்தில், இந்நிகழ்ச்சி இளைஞரைக் கெடுக்கின்றது என முன்னாள் பண்பாட்டு அமைச்சர் லியூ சொங்டே 2006இல் கண்டித்தார். 2011இல் இவ்வகைப் போட்டி நிறுத்தப்பட்டது. அனுமதித்த நேரத்தை மீறியமையே காரணமெனக் கூறப்பட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்து செய்மதி நிலையங்களின் முன்னிரவுக் கேளிக்கை நிகழ்ச்சிகள் வாரத்துக்கு 126 இலிருந்து 38 ஆகக் குறைக்கப்பட்டன.

இதனைச் சந்தைக்கும் அரசுக்குமிடையிலான போராட்டமெனச் சித்திரிப்பது எளிது. ஆனால் ஹூனான் நிலையமும் அரசுடைமையே. மாகாணத்தில் விளம்பர வருமானம் ஈட்டியதும் அரசு; தலைநகரிலிருந்து ஒழுக்கம் போதித்ததும் அரசு. காவலரும் வணிகரும் ஒரே வீட்டார் என்பதைப் பிளேட்டோ எதிர்பார்த்திருக்கமாட்டார்.

இரண்டு இன்பங்களையும் அனுபவித்தறிந்தவரே அவற்றுள் உயர்ந்தது எதுவெனத் தீர்ப்பளிக்கத் தகுதியுடையவர் என்பது மில்லின் கருத்து. இவ்வளவைக்கு நிலையமும் தப்பாது. களிப்பை மட்டுமே ஊட்டியவன் ஒப்பிடும் வாய்ப்பைத் தரவில்லை. ஆனால் தடைசெய்தவரின் குற்றமே பெரிதென எனக்குத் தோன்றுகின்றது. முன்னவன் ஒப்பீட்டை அலட்சியம் செய்தான். பின்னவரோ சுவைஞர் தாமே தவறித் தாமே திருந்தும் வழியையும் அடைத்தனர். சுவையுணர்வு ஆணையால் வளர்வதன்று.

லீ யூச்சுனையே எடுத்துக்கொள்வோம். கட்டையாக வெட்டிய தலைமுடி, ஆண்களை ஒத்த உடை, தாழ்ந்த குரல். பெண் பாடகி இவ்வாறிருக்க வேண்டுமென்ற வழமையான அச்சில் அவர் அடங்கவில்லை. போட்டியாளருள் அவரே சிறந்த குரலுடையவரா என்பதில் இசையறிந்தோர் ஐயுற்றனர், அவ்வையம் நியாயமானதே. எனினும் மத்திய நிலையத்தின் எந்தத் தெரிவுக் குழுவும் அன்று அவரை மேடையேற்றியிருக்கும் என நான் நம்பவில்லை.