தாழிட்ட கதவின் முன்

மாட்டுப் பொங்கலன்று திருவண்ணாமலையில் திருவூடல் விழா நிகழ்கிறது. இறைவனோடு பிணங்கிய உண்ணாமுலை அம்மன் தனியே ஆலயம் திரும்பிக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். சுந்தரர் தூது செல்கிறார், பயனில்லை. மறுநாள் அண்ணாமலையார் மலையை வலம் வந்த பின்னரே ஊடல் தீர்கிறது. இவ்விழாவின் பெயரால் ஒரு தெருவே அங்குண்டு. வேற்றுச் சமயத்தாராகிய நாமும் இதில் ஒன்றைக் கவனிக்கலாம்: கதவை எவரும் உடைப்பதில்லை.

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984-இல் இயற்றப்பட்டது. வழக்கில் முதலில் சமரசத்திற்கு முயல வேண்டும் என்று அதன் 9-ஆம் பிரிவு நீதிபதியைப் பணிக்கிறது. இணங்கும் வாய்ப்புத் தென்பட்டால் வழக்கை ஒத்திவைக்கவும் இடமளிக்கிறது. தூது செல்வோராகிய ஆலோசகர்களைப் பற்றி 6-ஆம் பிரிவு பேசுகிறது. அவர்களின் எண்ணிக்கையை உயர் நீதிமன்றத்தைக் கலந்து மாநில அரசே தீர்மானிக்கிறது. 10 லட்சத்திற்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கு இந்நீதிமன்றம் கட்டாயம் என்ற சட்டம், திருவண்ணாமலை போன்ற ஊர்களை அரசின் எண்ணத்திற்கே விட்டுவிட்டது.

கணவன் மனைவி பிணக்கில் அரசுக்கென்ன வேலை என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. வசதியுள்ளோர் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வர். ஏழைகளுக்கோ உறவினரே பஞ்சாயத்தார். அவர்களும் பெரும்பாலும் ஒரு பக்கத்து உறவினர். செங்கத்திலிருந்தோ போளூரிலிருந்தோ ஒருநாள் கூலியை இழந்து வரும் பெண்ணுக்குச் சார்பற்ற ஒருவர் செவிசாய்க்க வேண்டுமானால், அவருக்கு ஊதியம் தரப் பொதுப்பணம் வேண்டும். இரக்கமுள்ளவர்களின் ஓய்வு நேரத்தை நம்பி இதனை நடத்த இயலாது.

ஆனால் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. சேர்த்து வைத்த தம்பதியரின் எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோலானால், அடிபட்டவளை அடித்தவனிடமே அனுப்புவதும் சமரசம் எனக் கணக்கில் ஏறிவிடும். நாமும் இதற்கு விலக்கல்லர். "பொறுத்துக்கொள் மகளே, திருமணம் அருளடையாளமல்லவா" என்று சொல்லி அனுப்பிய பங்குப் பெரியவர்கள் எத்தனை பேர்! 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் விதியை அவர்கள் அறிந்திருப்பார்களா? வாழ்க்கைத் துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலும் ஆன்மாவாலும் பேரிடர் விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ அது இடமளிக்கிறது. திருமணப் பிணைப்பு நீங்காமலே அந்தக் கதவைத் தாழிடலாம்.

ஆகவே, சேர்ந்து வாழச் சம்மதமா என்று கேட்குமுன் ஆலோசகர் கேட்க வேண்டியது வேறு: "வீடு திரும்ப அஞ்சுகிறீர்களா, அம்மா?" கணவன் அருகில் அமர்ந்திருக்கையில் அவள் இதற்கு மறுமொழி கூறமாட்டாள். இரண்டு அறைகளேனும் வேண்டும்.